நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா

வழக்கமாக அக்கா பால் காய்ச்சும் நேரத்துக்குச் சமையலறைச் சுவரிலிருந்து தம்பியின் குரல் வந்துவிடும். "அக்கா, அம்மா எழுந்தாச்சா? மாத்திரை கொடுத்தியா?" ஜன்னலுக்கு மேலே முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கேமரா, அதற்குள்ளேயே ஒரு ஸ்பீக்கர். தம்பிக்குக் கடல் தாண்டி ஒரு கப்பல் கம்பெனியில் மேனேஜர் வேலை. இங்கே விடியும்போது அவன் அங்கே படுக்கப் போவான். படுக்கும் முன் போனில் ஆப்பைத் திறந்து வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அக்கா அண்ணாந்து பார்த்து, "கொடுத்தாச்சுடா" என்பாள். சுவரோடு பேசுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒருமுறை திக்கென்று அடித்துத்தான் ஓய்ந்தது.

அன்று குரல் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "பால்! பால்!" என்று யாரும் கத்தவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு, காபியைக் கலந்துகொண்டு, அக்கா கூடத்து சோபாவில் போய் உட்கார்ந்தாள். காலை வேளையில் அங்கே உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தாள். பாதி காபி குடிப்பதற்குள் போன் அடித்தது.

"அக்கா, கேமராவுக்கு என்ன ஆச்சு? கூடம், கிச்சன், வாசல், மூணும் போச்சு. எதைத் தொட்டாலும் இணைப்பு இல்லைன்னு வருது. நல்லவேளை, அம்மா ரூம் மட்டும் தெரியுது."

"நான் எதையும் தொடலைடா. நேத்து சாயந்திரம் இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து வைஃபை பெட்டியை மாத்திட்டுப் போனார். அதனால இருக்குமோ?"

"என்னைக் கேக்காம ஏன் மாத்த விட்ட?"

"பழசு விட்டுவிட்டுத்தான் வேலை செஞ்சுது. நீதானே புகார் கொடுத்து ஆளை அனுப்பினே?"

தம்பி, "சரி சரி, எங்கயும் போயிடாதே. கேமரா கம்பெனி ஹெல்ப்லைனைப் பிடிச்சு உன்னையும் லைன்ல சேக்கறேன்" என்றான்.

எங்கயும் போயிடாதே. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் எங்கே போகப்போகிறாள்?

அம்மாவை அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அது தானாகவே முடிவாகிவிட்டது. தம்பிக்கு வெளிநாட்டு வேலை. தங்கைக்கு வேறு ஊரில் புருஷன், பிள்ளைகள், மாமியார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது லீவு போட்டாள். லீவு நீண்டது. கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்தே மரியாதையாகக் கேட்டார்கள், வருகிறீர்களா இல்லையா என்று. அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன் தம்பியும் தங்கையும், "நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செய்யலாம்கா" என்றார்கள். இனிமேல் அவள் எதையும் சொல்லப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

போன தடவை வந்தபோது தம்பி தன் கையாலேயே நாலு கேமராவையும் மாட்டினான். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று. "எல்லாம் அம்மாவுக்காகத்தான்கா. உனக்கும் ஒரு துணை மாதிரி." அக்கா தலையாட்டினாள். அவன் விமானம் ஏறிய மறுநாளே துணை பேச ஆரம்பித்துவிட்டது.

மதியம் சோபாவில் கொஞ்சம் சாய்ந்தால் தங்கையிடமிருந்து செய்தி வரும்: 'அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? பகல்ல படுத்திருக்காளே.' கீழ்வீட்டுக்காரம்மா வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால், "யாரு அது? என்ன வேணுமாம்?" மருந்துக்கடைக்குப் போகச் செருப்பை மாட்டினால் பாதிப் படி இறங்கும்போதே போன் அடிக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனாலேயே அக்காவால் கோபப்படவும் முடியவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் உண்டு. கேமராவின் கண்ணுக்கு எட்டாத ஒரே இடம் அதுதான் என்று கண்டுபிடித்தாள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நின்றுதான் சாப்பிடுவாள். ஒருமுறை தம்பி, "என்னக்கா, நீ சாப்பிடறதையே பாக்க முடியல? நேரத்துக்குச் சாப்பிடறியா இல்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். அன்றிலிருந்து தினமும் ஒரு வாயைக் கேமரா முன்னால் வந்து சாப்பிட்டாள்.

ஹெல்ப்லைன் பெண்ணுக்குக் கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சினாள்.

"மேடம், கேமராவுல லைட் எரியுதாங்க?"

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். "எரியுதும்மா. சிவப்பு."

"நின்னு எரியுதா, மினுக்குதா?"

"மினுக்குது."

"மினுக்கினா வைஃபையைத் தேடுதுன்னு அர்த்தம். நின்னு எரிஞ்சா வேற பிரச்சினை."

"நான் அப்பவே சொன்னேன்ல வைஃபைதான்னு" என்றான் தம்பி. அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஹெல்ப்லைன் பெண் இன்னொரு தடவை மூக்கை உறிஞ்சினாள். "சார், ஒரு சந்தேகம். வைஃபை பெட்டி மாறினா நாலு கேமராவும் போயிருக்கணும். உங்களுக்கு ஒண்ணு மட்டும் எப்படித் தெரியுது?"

"அது என்னவோ, தெரியுது. இப்பகூட பாக்கறேன், அம்மா உக்காந்திருக்காங்க. அதை விடுங்க, மத்த மூணையும் கொண்டுவாங்க முதல்ல."

ஸ்டூலில் நின்றிருந்த அக்கா அதைக் காதில் வாங்கினாள்; ஆனால் அப்போது அது மனசில் ஒட்டவில்லை. கால் ஆடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய பாடாக இருந்தது.

"இனிமே செய்ய வேண்டியதை வீட்டுக்குள்ள இருக்கற போன்ல இருந்துதான் செய்யணும் சார். மேடம் போன்ல நம்ம ஆப் இருக்கா?"

"அவங்களுக்கு எதுக்கு ஆப்? அவங்க வீட்டுலதானே இருக்காங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. காற்று எல்லா இடத்திலும் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான். ஹெல்ப்லைன் பெண்தான் சிறிது தயங்கி, "இல்ல சார், இருந்தாத்தான் முடியும். நீங்க அவங்களுக்கு அனுமதி அனுப்புங்க" என்றாள்.

ஆப்பை இறக்குவதற்கே நேரம் பிடித்தது. அக்காவின் போன் பழையது. இடம் இல்லை என்று முரண்டு பிடித்தது. தங்கை அனுப்பிக் குவித்திருந்த பிள்ளைகளின் நடன வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணினாள். பிறகு ஹெல்ப்லைன் பெண் ஒரு எளிய வழி சொன்னாள். கேமராக்கள் நாலுக்கும் பழைய வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும்தான் தெரியும். புதுப் பெட்டிக்கும் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் வைத்துவிட்டால் அவை ஏமாந்து தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

"பழைய கடவுச்சொல் என்னங்க?"

தம்பி சற்றுக் கூச்சத்தோடு சொன்னான். சின்ன வயதில் வீட்டில் அவனைக் கூப்பிட்ட செல்லப்பெயர், அதோடு அவன் பிறந்த வருஷம். ஹெல்ப்லைன் பெண்ணின் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

ஹெல்ப்லைன் பெண் சொல்லச் சொல்ல, அக்கா போனில் புதுப் பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தப்பானது. மறுபடி தட்டினாள். கூடத்து மூலையில் சிவப்பு நின்று மஞ்சளாகி, மஞ்சள் நீலமானது. "வந்துடுச்சு! கூடம் வந்துடுச்சு! கிச்சனும் வந்துடுச்சு!" என்று தம்பி கத்தினான், கப்பல் கரை சேர்ந்ததுபோல.

அக்கா தன் போனைப் பார்த்தாள். நாலு கட்டம். முதல் கட்டத்தில் வாசல். அவளுடைய செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. இரண்டாவதில் கூடம், சோபாவில் பாதி குடித்த காபி. மூன்றாவதில் சமையலறை, ஒரு பெண் தலை குனிந்து கையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வகிடு அகன்று, உச்சந்தலையில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. அது யாரென்று புரிய அக்காவுக்கு ஒரு விநாடி ஆனது. இத்தனை நாளாக இதைத்தானா இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கூசியது.

நாலாவது கட்டத்தில் அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பச்சை ஸ்வெட்டர். மடியில் பத்திரிகை. முகத்தில் வெயில்.

 மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாத அம்மா எப்படி எழுந்தாள்? அக்கா போனோடு அறைக்கு ஓடினாள்.

அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நேற்றுப் படுத்த மாதிரியே. படுக்கைப்புண் வராமல் இருக்க வாங்கிய காற்று மெத்தை கீழே மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நாற்காலி இல்லை. அம்மாவுக்கென்று இந்தக் கட்டில் வந்த அன்றே அதை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பச்சை ஸ்வெட்டரை வெட்டித் தரை துடைக்கும் துணியாக்கி, அதுவும் நைந்து தூக்கிப்போட்டாகிவிட்டது.

அக்கா அண்ணாந்தாள். அம்மாவின் அறைக் கேமராவில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. வயர் சுவரோடு இறங்கிக் கட்டிலுக்குப் பின்னால் மறைந்தது. குனிந்து பார்த்தாள். பிளக் தரையில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. அந்தச் சுவரில் இருந்த ஒரே பிளக் பாயின்டில் காற்று மெத்தையின் பம்ப் சொருகியிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. மெத்தை வந்த அன்று அவசரத்தில் அங்கே இருந்த எதையோ பிடுங்கிவிட்டு அவள்தான் பம்பைச் சொருகினாள். பிறகு மறந்தே போனாள்.

அவள் மறந்தாள், சரி. ஆனால் அவர்கள்?

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எத்தனையோ மதியங்கள் இந்த அறையில் அம்மாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, தொண்டைவரை வந்த அழுகையைப் பல்லைக் கடித்து விழுங்கியிருக்கிறாள், சுவரில் ஒரு கண் பார்க்கிறதே என்று. அழ வேண்டுமென்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தக் கண் அப்போதே குருடு என்று தெரிந்திருந்தால் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. இந்த அம்மா ரூம் படம்... இது எப்ப எடுத்தது?"

"அதைத்தான் சார்கிட்ட சொல்ல வந்தேன். ஆப்பைத் திறந்ததும் வர்ற நாலும் கடைசியா வந்து சேர்ந்த படம்தான். தொட்டு உள்ள போனாத்தான் இப்ப நடக்கறது தெரியும். சார், நாலாவதைத் தொடுங்களேன்."

"தொட்டேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"படத்துக்குக் கீழ சின்னதா தேதி இருக்கும் பாருங்க சார்."

தம்பி தேதியை வாய்விட்டுப் படிக்கவில்லை. 

"இத்தனை மாசமா நாற்காலியையா பாத்துட்டிருந்தே?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

"இல்லக்கா... தினம் ஆப்பைத் திறந்ததும் அம்மா உக்காந்திருப்பாங்க. நல்லாத்தான் இருக்காங்கன்னு..."

"அம்மா எழுந்திருக்கறதே இல்லன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்ன. நான்தான்..." அவன் நிறுத்தினான். "நீ தனியா இருக்கறதால கொஞ்சம் பெருசா சொல்றேன்னு நினைச்சேன். படத்துல அப்படித் தெரியலையே."

 அம்மாவின் படத்தை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவன், கூடத்தையும் சமையலறையையும் வாசலையும் தினம் தினம் தொட்டுத் திறந்திருக்கிறான். தங்கையும்தான். அவை ஒரே ஒரு நாள் போனதும் விஷயம் ஹெல்ப்லைன்வரை போய்விட்டது.

ஹெல்ப்லைன் பெண் தனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். "வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. வேண்டாத கேமராவை அப்படியே உருவி எடுத்துடலாமா? ஒண்ணும் கெட்டுப் போயிடாதே?"

"தாராளமா எடுக்கலாம் மேடம். பிளக்கைப் பிடுங்கினா போதும்."

"அக்கா, என்ன பண்ணப் போற?" என்றான் தம்பி.

அக்கா கூடத்துக்குப் போனாள். கூடத்துக் கேமரா ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தது. அதைப் பிடுங்கி, பாக்ஸின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டாள். "கூடம் போயிடுச்சு! அக்கா!" சமையலறைக்கு வந்து ஸ்டூலில் ஏறினாள். கடல் தாண்டி ஒரு போன் திரையில் தன் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அதையும் பிடுங்கினாள். 

"கோவப்படாதேக்கா. எங்களுக்கும் கவலை இருக்குல்ல? அங்க இல்லாதவங்களுக்கு இது ஒண்ணுதானே வழி?"

"வாசல்ல இருக்கறது இருக்கட்டும், திருடன் வந்தா பாத்துக்கோ" என்றாள் அக்கா. "அம்மாவைப் பாக்கணும்னா அம்மா ரூம்ல ஒண்ணு இருக்கும், இப்ப சொருகித் தர்றேன். என்னைப் பாக்கணும்னா கேமரா எதுக்குடா? வா. வந்து பாரு."

அம்மாவின் அறையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டினாள். பம்ப் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். சிவப்பு, மஞ்சள், நீலம். அக்காவின் போனில் நாலாவது கட்டத்திலிருந்த நாற்காலி மறைந்து கட்டில் வந்தது. போர்வைக்கு அடியில் ஒரு குழந்தை படுத்திருப்பதுபோல் சின்னதாக ஒரு மேடு.

போனில் தம்பியின் குரல் வந்தது. "இவ்வளவு சின்னதா ஆயிட்டாங்களா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். ஹெல்ப்லைன் பெண் எப்போது லைனை விட்டுப் போனாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை எழுதினாள்: 'எல்லாத்தையும் ஏன் கழட்டினே? அண்ணன் அழறான்.' அக்கா ஒரே வரி எழுதினாள்: 'நீயும் நாலாவது படத்தைத் தொட்டுப் பாரு.' அதற்குப் பதில் வரவில்லை. பல நாட்கள் யாரும் கூப்பிடவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அக்காவுக்குச் சுகமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஃபிரிட்ஜ் மூலைக்குப் போய் நின்றே சாப்பிட்டாள். கேமரா போன பிறகும் உடம்புக்கு அது தெரியவில்லை.

பிறகு ஒருநாள் வாசல்மணி அடித்தது. தம்பி ஒரு பையோடு நின்றிருந்தான். நேராக அம்மாவின் அறைக்குப் போனான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "நீ எங்கயாவது போயிட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்" என்று தினமும் சொன்னான். ஆனால் அம்மாவைத் திருப்பத் தெரியவில்லை. அம்மாவின் மூக்கில் போட்டிருந்த உணவுக் குழாயைத் தொடவே பயந்தான். துணி மாற்றும்போது ஜன்னலைப் பார்த்தான். அவனை நம்பி வெளியே போவது, பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் எண்ணிக்கையை இரண்டாக்குவதுதான் என்று அக்காவுக்குத் தோன்றியது. அவள் போகவில்லை.

லீவு முடிந்து கிளம்பும் முன் அவனும் தங்கையும் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். நர்ஸ் வேலை தெரிந்த ஒரு அம்மாள் வாரத்தில் இரண்டு மதியம் வருவாள். இரண்டே மதியம்தான். மற்ற நாட்களில் அதே கட்டில், அதே மாத்திரை, அதே மூடிய கதவு. "இதுக்கு மேல இப்போதைக்கு முடியலைக்கா" என்றான் தம்பி, அவள் கண்ணைப் பார்க்காமல். முடியாது என்பதை அவன் நேரில் சொன்னதே பரவாயில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

முதல் மதியம் நர்ஸம்மாள் வந்து கைகழுவிக்கொண்டு, "நீங்க போங்க" என்று கதவைக் காட்டினாள். அக்கா படியிறங்கித் தெருவில் நின்றாள். மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. எங்கே போவது என்று தெரியவில்லை. எதிரே ஒரு பஸ் வந்து நின்றது; ஏறிவிட்டாள்.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"கடைசி எது?"

அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை தானாகப் பைக்குள் போய் போனை எடுத்தது. ஆப்பைத் திறந்து நாலாவது படத்தைத் தொட்டாள். நர்ஸம்மாள் அம்மாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்திலும் பார்த்தாள். அதற்கடுத்த நிறுத்தத்திலும். வெளியே என்னென்னவோ போய்க்கொண்டிருந்தது. அவள் அம்மாவின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் பாட்டரி தீர்ந்து போன் அணைந்தது.  இறங்கிவிடலாமா என்று எழுந்தாள். பஸ்ஸில் கூட்டம் ஏறியது, இறங்க வழியில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பியபோது நர்ஸம்மாள் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். சில நாட்கள் அவளுக்கு ஆள் தெரியும், சில நாட்கள் தெரியாது.

"எங்க போயிட்டு வந்தே?" என்றாள் அம்மா, காற்றுப் போன குரலில்.

 இருவரும் ஒரே அறையில் கிடந்து, ஒருவருக்கொருவர் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"பஸ்ல போனேன்மா. கடைசி வரைக்கும்."

"என்ன பாத்தே?"

"ஒரு பாலம் கட்டறாங்க. பாதிதான் முடிஞ்சிருக்கு, நடுவுல அப்படியே நிக்குது. ஒரு ஆள் சைக்கிள்ல இவ்வளவு பெரிய கண்ணாடியைக் கட்டி எடுத்துட்டுப் போனான். அதுல பஸ் முழுசும் தெரிஞ்சுது. நானும் தெரிஞ்சேன்."

அம்மா கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அக்கா விளக்கைப் போட எழுந்தாள்.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.